டெர்வென்ட் ஆற்றுத் தூண்டிற்காரர்கள்

தூண்டில் போட்டுப் பொழுதுபோக்குவோரை உலகம் பெரிதாக மதிப்பதில்லை. ஆற்றங்கரையில் ஒருவன் மணிக்கணக்காக அசையாமல் உட்கார்ந்திருக்கிறான். தண்ணீர்மேல் மிதக்கும் சிறு தக்கையை விட்டு அவன் கண் விலகுவதில்லை. மாலையில் வெறுங்கையோடு வீடு திரும்பினாலும் அவனுக்கு வருத்தம் இல்லை. மன்னர்களும் படையெடுப்புகளும் உடன்படிக்கைகளும் நிறைந்த வரலாற்று நூலில் இவனுக்கு என்ன இடம் என்று மாணவர்களாகிய நீங்கள் கேட்கலாம். ஆயினும், இத்தகைய தூண்டிற்காரர்களின் சங்கம் ஒன்று, ஒரு பெரிய ஆலையையும், நாட்டின் மின்சார ஆணையத்தையும், ஒரு நகரத்தின் ஆட்சி மன்றத்தையும் ஒருசேர நீதிமன்றத்தில் நிறுத்தி வழக்கில் வென்றது. அந்த வெற்றியின் எதிரொலி, முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், நம் கங்கைக் கரையிலும் கேட்டது. அந்த வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் டார்பிஷயர் என்னும் மாவட்டம் இருக்கிறது. அதன் வடபுறத்து மலைகளில் பிறக்கும் டெர்வென்ட் ஆறு, மாட்லாக், குரோம்போர்டு, பெல்பர் ஆகிய ஊர்களைக் கடந்து, டார்பி நகரத்தினூடே ஓடி, டிரென்ட் என்னும் பெரிய ஆற்றில் கலக்கிறது. தூண்டிற்காரர்களுக்கு இந்த மாவட்டம் ஒரு திருத்தலம் என்றே சொல்லலாம். தூண்டிற்கலையைப் பற்றி 1653ஆம் ஆண்டில் புகழ்பெற்ற நூலை எழுதிய ஐசக் வால்ட்டன், தம் நண்பர் சார்லஸ் காட்டனுடன் மீன்பிடித்த டவ் ஆறு இம்மாவட்டத்தின் எல்லையில்தான் ஓடுகிறது.

ஆனால் டெர்வென்ட் ஆறு தூண்டிற்காரர்களுக்கு மட்டும் பயன்பட்டதன்று. டார்பி நகரில் 1721ஆம் ஆண்டையொட்டி லோம் சகோதரர்கள் கட்டிய பட்டு ஆலை, இந்த ஆற்றின் விசையால் இயங்கியது. 1771ஆம் ஆண்டில் ரிச்சர்டு ஆர்க்ரைட் குரோம்போர்டில் நிறுவிய பருத்தி நூற்பாலையைத் தண்ணீரே ஓட்டியது. தொழிற்புரட்சியின் தொட்டில்களுள் ஒன்று இந்தப் பள்ளத்தாக்கு. இங்குள்ள பழைய ஆலைகளை 2001ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததும் இதனாலேயே. பின்னர் டார்பிக்கு ரயில்வே பட்டறைகள் வந்தன. 1908ஆம் ஆண்டில் ரோல்ஸ் ராய்ஸ் மோட்டார் தொழிற்சாலை வந்தது. முதல் உலகப் போரின்போது, 1916ஆம் ஆண்டில், சுவிட்சர்லாந்து நாட்டினரான டிரைபஸ் சகோதரர்கள் நகரத்தை அடுத்த ஸ்பாண்டன் என்னும் இடத்தில் ஆலை அமைத்தனர். விமான இறக்கைகளின் துணிமேல் பூசும் பொருளைச் செய்ய ஏற்பட்ட அந்த ஆலை, போர் முடிந்தபின் செயற்கைப் பட்டு நூலைத் தயாரித்தது. பிரிட்டிஷ் செலனீஸ் என்று அது பெயர் பெற்றது.

ஆலைகள் பெருகின, மக்கள் பெருகினர், கழிவும் பெருகியது. முன்னர் ஆற்றின் விசையை வாங்கிக்கொண்ட தொழில், பிறகு அந்த ஆற்றையே தன் சாக்கடையாகவும் ஆக்கிக்கொண்டது.

இனி, தூண்டிற்சங்கங்களைப் பார்ப்போம். இங்கிலாந்தில் டிரவுட், சால்மன் ஆகிய மீன்களைப் பிடிப்பது பெரும்பாலும் நிலப்பிரபுக்களுக்கும் செல்வர்களுக்கும் உரிய விளையாட்டாக இருந்தது. ஆலைத் தொழிலாளியும் கைவினைஞனும் கடைச் சிப்பந்தியும் விரும்பியவை ரோச், சப், பார்பெல், பிரீம் போன்றவை. நம் நாட்டுக் கெண்டையின் குடும்பத்தைச் சேர்ந்த மீன்கள் இவை. வாரம் முழுவதும் புகையிலும் இரைச்சலிலும் உழைத்தவனுக்கு விடுமுறை நாளின் ஆற்றங்கரையே பூந்தோட்டம். தனியாக ஒருவன் ஆற்றைக் குத்தகைக்கு எடுக்க இயலாது. பலர் சேர்ந்து சிறு சந்தா கட்டினால் இயலும். இவ்வாறு பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஷெபீல்டு, நாட்டிங்காம், டார்பி முதலிய தொழில் நகரங்களில் தூண்டிற்சங்கங்கள் பெருகின.

இச்சங்கங்களின் நடவடிக்கைகள் கேட்பதற்கு எளியவை. ஆற்றின் ஒரு பகுதியில் மீன்பிடி உரிமையைக் குத்தகைக்கோ விலைக்கோ பெறுவார்கள். கரையைக் காக்க ஆள் அமர்த்துவார்கள். மீன் குறைந்தால் குஞ்சுகளை வாங்கி விடுவார்கள். போட்டி நாளன்று சீட்டுக் குலுக்கி, யார் எந்த இடத்தில் அமர்வது என்று முடிவு செய்வார்கள். குறித்த நேரம் முடிந்ததும் ஒவ்வொருவர் பிடித்ததையும் நிறுத்துப் பார்த்துப் பரிசளிப்பார்கள். பிற்காலத்தில் பிடித்த மீன்களை வலைப்பையில் உயிரோடு வைத்திருந்து, நிறுத்தபின் ஆற்றிலேயே விட்டுவிடும் வழக்கமும் பரவியது. இன்ன அளவுக்குக் குறைந்த மீனைப் பிடிக்கலாகாது என்னும் விதியைத் தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொண்டனர். மீன்கள் முட்டையிடும் பருவத்தில் தூண்டில் போடக்கூடாது என்று சட்டம் வேண்டும் எனக் கேட்டவர்களும் இந்தத் தூண்டிற்காரர்களே. ஷெபீல்டு நகரின் பாராளுமன்ற உறுப்பினர் முண்டெல்லா கொண்டுவந்த 1878ஆம் ஆண்டுச் சட்டம், மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை அத்தகைய ஓய்வுக் காலத்தை ஏற்படுத்தியது.

ஆற்றை நாள்தோறும் கவனிப்பவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். ஆலை முதலாளிக்கு ஆற்றைப் பார்க்க நேரமில்லை. நகரசபை அதிகாரி கோப்பைப் பார்க்கிறார். பாலத்தின்மேல் போகிறவர் ஒரு கணம் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார். தூண்டிற்காரன் ஒருவனே ஆண்டு முழுவதும் ஒரே தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். நேற்று இருந்த நிறம் இன்று இல்லையென்றால் அவனுக்குத் தெரியும். பாசி கருகினாலும், புழு பூச்சி குறைந்தாலும், மீன் மேலே வந்து வாயைத் திறந்து மூச்சுக்குத் தவித்தாலும் முதலில் அறிபவன் அவனே. பொழுதுபோக்கு அவனை ஆற்றின் காவலனாக ஆக்கிவிட்டது.

டார்பியின் தூண்டிற்காரர்கள் கண்டது என்ன? நகரத்தின் கழிவுநீர் போதிய அளவு சுத்திகரிக்கப்படாமல் டெர்வென்டில் விழுந்தது. செலனீஸ் ஆலையின் கழிவும் சேர்ந்தது. மின்சார நிலையம் தன் இயந்திரங்களைக் குளிர்வித்த நீரைச் சூட்டோடு ஆற்றில் விட்டது. இந்த மூன்றும் சேரும்போது மீனுக்கு நேர்வதை மாணவர்கள் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். மீன் சுவாசிப்பது நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை. கழிவுப் பொருளை அழுகவைக்கும் நுண்ணுயிர்கள் அந்த ஆக்சிஜனையே செலவிடுகின்றன. நீர் சூடேறினாலோ, அதில் ஆக்சிஜன் கரையும் அளவே குறைந்துவிடுகிறது. 10 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு லிட்டர் தூய நீர் ஏறத்தாழ 11 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் அது ஏழரை மில்லிகிராம்தான் தாங்கும். மேலும், வெப்பம் ஏற ஏற மீனின் உடலுக்கு அதிக ஆக்சிஜன் தேவைப்படும். தேவை கூடி, இருப்புக் குறைந்தால் முடிவு என்னவென்று சொல்ல வேண்டியதில்லை.

இதைத் தடுக்கச் சட்டம் இல்லையா என்றால், இருந்தது. 1876ஆம் ஆண்டிலேயே ஆறுகள் மாசுபடுவதைத் தடுக்கும் சட்டத்தைப் பிரிட்டிஷ் பாராளுமன்றம் இயற்றியிருந்தது. ஆனால் ஆலைக் கழிவின்மேல் நடவடிக்கை எடுக்க மத்திய அதிகாரியின் இசைவு தேவை. இசைவு அளிக்குமுன் அந்தத் தொழிலின் நலனையும் கருத வேண்டும். சட்டத்தைச் செயற்படுத்தும் பொறுப்போ உள்ளூர் ஆட்சி மன்றங்களிடம் இருந்தது. ஊர்ச் சாக்கடையை ஆற்றில் விடுவதும் அதே மன்றங்கள்தாம்! வேலியே பயிரை மேய்ந்தால் காப்பது யார்? முக்கால் நூற்றாண்டுக் காலம் அந்தச் சட்டம் ஏட்டில் இருந்தது. கழிவு ஆற்றில் இருந்தது.

பாராளுமன்றம் இயற்றும் சட்டத்தைத் தவிர, இங்கிலாந்தில் நீதிபதிகளின் தீர்ப்புகளால் வழிவழியாக வளர்ந்த பொதுச் சட்டம் என்று ஒன்று உண்டு. அதன்படி ஓடும் நீர் எவருக்கும் சொந்தமன்று. நீரில் திரியும் மீனும் எவருக்கும் சொந்தமன்று. ஆனால் கரையோர நிலத்தாருக்கு, அந்த ஆறு இயற்கையில் வருகிற தன்மையோடு, கெடாமல் தம்மிடம் வந்து சேர வேண்டும் என்று கேட்கும் உரிமை உண்டு. ஓரிடத்தில் மீன்பிடிக்கும் உரிமையை விலை கொடுத்துப் பெற்றிருந்தால், அந்த உரிமையும் வீடு, நிலம் போன்ற சொத்தே ஆகும். அதற்குத் தீங்கு செய்பவரைத் தடுக்குமாறு நீதிமன்றத்தைக் கேட்கலாம். அதிகாரியின் இசைவு இதற்கு வேண்டியதில்லை.

வழி இருந்தும் நடப்பார் அரிதாக இருந்ததற்குக் காரணம் பணம். அந்நாட்டில் வழக்கில் தோற்றவர் வென்றவரின் செலவையும் தர வேண்டும். பெரிய ஆலையோடு வழக்காடித் தோற்றால் ஒரு சிறு சங்கம் அழிந்தே போகும். இந்த இடத்தில்தான் ஜான் ஈஸ்ட்வுட் என்னும் மூத்த வழக்கறிஞர் ஒரு யோசனை செய்தார். 1948ஆம் ஆண்டில் தூண்டிற்காரர் கூட்டுறவுச் சங்கம் என்னும் அமைப்பை அவர் தோற்றுவித்தார். நாடெங்கிலும் உள்ள தூண்டிற்காரர்களும் சங்கங்களும் சிறு தொகை செலுத்தினர். எந்த ஆற்றிலாவது ஒரு சங்கம் வழக்குத் தொடுத்தால், செலவின் சுமையை அந்த நிதி தாங்கியது. சிறு துளி பெருவெள்ளம் என்னும் நம் பழமொழிக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டை நான் அறியேன்.

இந்தத் துணையோடு வழக்குமன்றம் ஏறியதுதான் டார்பியின் பெருமை எனப் பொருள்படும் பெயர் கொண்ட, டார்பி, டார்பிஷயர் தூண்டிற்காரர் சங்கம். கரையோர நிலத்தாரான ஹாரிங்டன் பிரபுவும் உடன் வாதியானார். சந்தா கட்டிச் சேர்ந்த சங்கத்தாரும் பரம்பரைப் பிரபுவும் ஒரே பக்கத்தில் நின்றனர். செலனீஸ் ஆலையும், டார்பி நகர ஆட்சி மன்றமும், பிரிட்டிஷ் மின்சார ஆணையமும் பிரதிவாதிகள். ஆலையால் பிழைக்கும் ஊரில் ஆலைமேல் வழக்குத் தொடுப்பது எளிதான செயலா? பொழுதுபோக்குக்காகத் தொழிலைக் கெடுக்கலாமா என்று கேட்பவர் எந்த ஊரிலும் இருப்பர். அந்தக் கேள்வியை நாம் அற்பமாக நினைக்கலாகாது. தொழிலை நிறுத்துங்கள் என்று சங்கம் கேட்கவில்லை. உங்கள் கழிவை உங்கள் செலவில் சுத்தம் செய்து விடுங்கள் என்றே கேட்டது.

நகர மன்றத்தின் வாதம் சிந்திக்கத் தக்கது. ஆறு கெட்டதை அது மறுக்கவில்லை. 1901ஆம் ஆண்டின் டார்பி நகரச் சட்டத்தின்படி கழிவுநீர் வசதி செய்வது எங்கள் கடமை. நாங்கள் கட்டியபோது அது போதுமானதாகவே இருந்தது. மக்கள்தொகை பெருகியதால்தான் போதாமற் போயிற்று. அதற்கு நாங்கள் எப்படிப் பொறுப்பாவோம்? இதுவே அவர்கள் கேட்ட கேள்வி. இதே பதிலை நம் ஊர்களிலும் நாம் கேட்டதில்லையா?

1952ஆம் ஆண்டில் உயர்நீதிமன்ற நீதிபதி ஹார்மன் சங்கத்தின் பக்கம் தீர்ப்பளித்துத் தடையாணை பிறப்பித்தார். வழக்கு மேல்முறையீட்டுக்குச் சென்றது. எவர்ஷெட், டென்னிங், ரோமர் ஆகிய மூன்று நீதிபதிகளும் அத்தீர்ப்பை உறுதி செய்தனர். கழிவுநீர் நிலையம் அமைக்கச் சட்டம் அனுமதித்தது, பிறருக்குத் தொல்லை செய்ய அது அனுமதிக்கவில்லை என்று அவர்கள் கூறினர். நிலையம் கட்டினால் ஆறு கெட்டே தீரும் என்பதும் இல்லை. கழிவைத் திரட்டி ஆற்றில் விடுவது நகர மன்றத்தின் சொந்தச் செயல் ஆகையால், மக்கள் பெருகிவிட்டனர் என்னும் சமாதானம் செல்லாது. நட்டஈடு கொடுத்துவிட்டுப் பழையபடி ஆற்றைக் கெடுத்துக்கொண்டிருக்கவும் நீதிமன்றம் இடந்தரவில்லை. ஒரு நகரத்தின் சாக்கடையை ஒரே நாளில் அடைக்க இயலாது என்பதையும் நீதிபதிகள் அறிவார்கள். ஆதலின் தடையாணை உடனே நடைமுறைக்கு வராதபடி நிறுத்திவைத்து, சீர்செய்வதற்கு அவகாசம் தந்தனர். ஆறுகளைத் தூய்மையாகக் காப்பதற்கு அதுவரை கண்ட வழிகளுள் நீதிமன்றத் தடையாணையே சிறந்தது என்னும் கருத்தையும் நீதிபதி டென்னிங் தம் தீர்ப்பில் வெளியிட்டார்.

இத்தீர்ப்பால் இங்கிலாந்தின் ஆறுகள் எல்லாம் பளிங்காகிவிட்டன என்று நான் சொல்ல மாட்டேன். சொத்துரிமை உள்ளவர் கேட்டால்தான் அந்தச் சட்டம் வாய் திறக்கும். உரிமையாளர் இல்லாத ஆற்றுக்கு யார் பேசுவது? ஆற்றுநீரைக் குடிக்கும் ஏழைக்கு அதில் மீன்பிடி உரிமை உண்டா? இந்தக் குறை அதில் இருந்தது. ஆயினும் தூண்டிற்காரர்கள் கண்ட வழி அழிந்துபோகவில்லை. ஈஸ்ட்வுட் தோற்றுவித்த அமைப்பு, பெயர் மாறி, 2009ஆம் ஆண்டில் ஆங்கிலிங் டிரஸ்ட் என்னும் பெரிய அமைப்போடு இணைந்தது. அதன் சட்டப் பிரிவு பிஷ் லீகல் என்னும் பெயரில் வழக்குகளை நடத்துகிறது. 2023ஆம் ஆண்டில் யார்க்ஷயரைச் சேர்ந்த பிக்கரிங் மீன்பிடி சங்கம், ஒரு சிற்றாற்றைச் சீர்படுத்தும் கடமையில் அரசு தவறிவிட்டது என்று வழக்காடி வென்றது. 2024ஆம் ஆண்டு ஜூலையில் மான்செஸ்டர் கப்பற்கால்வாய் வழக்கில் பிரிட்டிஷ் உச்சநீதிமன்றம், சுத்திகரிக்காத கழிவுநீரை விடும் நிறுவனத்தின்மேல் உரிமையாளர் பொதுச் சட்டப்படி வழக்குத் தொடரலாம் என்பதை நிலைநாட்டியது.

இனி, கங்கைக்கு வருவோம். எம். சி. மேத்தா என்னும் வழக்கறிஞர், கான்பூர் நகரத்தின் தோல் ஆலைகளும் நகர ஆட்சி மன்றமும் கங்கையில் கழிவு விடுவதைத் தடுக்குமாறு நம் உச்சநீதிமன்றத்தை நாடினார். ஆலைகளைப் பற்றிய தீர்ப்பு 1987ஆம் ஆண்டு செப்டம்பரில் வந்தது. நகர ஆட்சி மன்றத்தைப் பற்றிய தீர்ப்பு 1988ஆம் ஆண்டு ஜனவரியில் வந்தது. நீதிபதிகள் வெங்கடராமையா, கே. என். சிங் ஆகியோர் வழங்கிய இந்த இரண்டாம் தீர்ப்பில், டார்பித் தூண்டிற்காரர்களின் வழக்கு எடுத்துக்காட்டப்பட்டிருக்கிறது. மக்கள்தொகை பெருகியது என்று டார்பி நகர மன்றம் சொன்னதும், அது செல்லாமற் போனதும் அங்கே கூறப்பட்டுள்ளன.

ஆனால் நம் நீதிபதிகள் அங்கே நின்றுவிடவில்லை. மேத்தாவுக்குக் கங்கைக் கரையில் நிலம் இல்லை. மீன்பிடி உரிமையும் இல்லை. டார்பியில் நிலமோ மீன்பிடி உரிமையோ இருந்தவர்களே வாதியாக முடிந்தது. கான்பூரிலோ, அந்த ஆற்று நீரைப் பயன்படுத்தும் மக்களின் உயிரைக் காக்க அக்கறை கொண்டவர் என்பதே வாதியாவதற்குப் போதுமான தகுதி என்று உச்சநீதிமன்றம் கூறியது. தூண்டிற்சங்கம் திறந்த சிறு கதவை நம் நீதிமன்றம் ஊரார் அனைவரும் நுழையும் வாயிலாக ஆக்கிற்று என்றே இதை நான் கருதுகிறேன்.

அந்த வாயிலின் வழியே நம் தமிழ்நாட்டாரும் சென்றனர். வேலூர் மக்கள் நலச் சங்கம் தொடுத்த வழக்கில், தோல் ஆலைக் கழிவால் பாலாறு கெட்டதை ஆராய்ந்த உச்சநீதிமன்றம், 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்னும் கொள்கை நம் நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்று அப்போது அது அறிவித்தது.

டெர்வென்ட், கங்கை, பாலாறு ஆகிய மூன்று ஆறுகளின் வரலாற்றிலும் ஒரே பாடத்தைக் காண்கிறேன். தீர்ப்பு வந்தவுடன் தண்ணீர் தெளிந்துவிடுவதில்லை. தீர்ப்பை நிறைவேற்றுகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருக்க யாரேனும் வேண்டும். அதற்குப் பட்டமோ பதவியோ தேவையில்லை. ஆற்றங்கரையில் அமர்ந்து, நேற்றைய தண்ணீருக்கும் இன்றைய தண்ணீருக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டு சொல்லும் பொறுமை தேவை. தனித்துக் கண்டதைப் பலரோடு சேர்ந்து கேட்கும் ஒற்றுமையும் தேவை.

மாணவ நேயர்களே, 1988ஆம் ஆண்டின் கங்கைத் தீர்ப்பில் உங்களைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. முதல் பத்து வகுப்புகளிலும் காடு, ஏரி, ஆறு, வனவிலங்கு ஆகியவற்றைக் காப்பது பற்றி வாரத்திற்கு ஒரு மணி நேரமேனும் பாடம் சொல்லித்தர வேண்டும் என்று நீதிபதிகள் அதில் கூறியிருக்கிறார்கள். அந்த ஒரு மணி நேரத்தை வகுப்பறையிலேயே கழித்துவிட வேண்டாம் என்பது என் வேண்டுகோள். உங்கள் ஊரில் ஆறு இருந்தால் ஆற்றுக்கும், இல்லையேல் ஏரிக்கோ குளத்துக்கோ சென்று பாருங்கள். தண்ணீர் என்ன நிறம், என்ன வாடை, அதில் மீன் உண்டா, எங்கிருந்து எந்தக் குழாய் வந்து விழுகிறது என்று ஒரு குறிப்பேட்டில் தேதியிட்டு எழுதி வையுங்கள். அடுத்த மாதமும் அதே இடத்துக்குச் சென்று எழுதுங்கள்.